பெர்லின் நகரப் பொதுப் போக்குவரத்து

பெர்லின் நகரப் பொதுப் போக்குவரத்து என்பது ஜெர்மனியின் தலைநகரில் இயங்கும் சுரங்கத் தொடருந்து (உ-பான்), நகரத் தொடருந்து (எஸ்-பான்), டிராம், பேருந்து ஆகியவற்றைக் கொண்ட வலையமைப்பாகும். உ-பான் 1902 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நான்கிற்கும் ஒரே பயணச்சீட்டு செல்லும்.

நிலையங்களில் தடுப்பு வாயில்கள் கிடையாது. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இதனால்தான். நேரம் அச்சிடப்படாத தாள் சீட்டை, மேடையிலுள்ள சிறு பெட்டியில் செருகி முத்திரையிட்ட பின்னரே வண்டியில் ஏற வேண்டும். பரிசோதகர்கள் பலர் சாதாரண உடையிலேயே வருவர். முத்திரையில்லாத சீட்டு, சீட்டின்மையாகவே கொள்ளப்படும். தண்டம் 2015 முதல் 60 யூரோ. வழிப்போக்கர் என்பதால் விலக்கு இல்லை.

கட்டண வலயங்கள் மூன்று: எஸ்-பான் வட்டப்பாதைக்கு உட்பட்டது ஏ, நகர எல்லை வரை பி, புறநகர் சி. 2020 அக்டோபர் 31 அன்று திறக்கப்பட்ட பெர்லின் பிராண்டன்பர்க் வானூர்தி நிலையம் சி வலயத்தில் உள்ளது. ஏபி சீட்டு அங்கு செல்லாது. அவ்வாண்டு நவம்பரில் மூடப்பட்ட தேகல் நிலையம் பி வலயத்தில் இருந்தமையால், பழைய வழிகாட்டி நூல்களை இவ்விடயத்தில் நம்புதல் ஆகாது. போட்ஸ்டாம் அரண்மனைகளுக்கும் சி வலயம் தேவை.

ஒற்றைச் சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும். அதைக்கொண்டு திரும்பி வர இயலாது. வெள்ளி, சனி இரவுகளில் உ-பான் பெரும்பாலான தடங்களில் விடியும்வரை ஓடும்; ஏனைய இரவுகளில் இரவுப் பேருந்துகள் உண்டு.