கிராங்க் முனையில் கசியும் ஆயில்

உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர் காருக்கு 1959-இல் புது இன்ஜின் வந்தது. பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 1489 சிசி இன்ஜின் அது. எம்ஜிஏ என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காருக்கும் முதலில் இதே அளவு இன்ஜின்தான். நன்றாக உழைக்கும் இன்ஜின். ஆயில் ஒழுக்கு மட்டும் கூடவே பிறந்தது.

காரணம் வடிவமைப்பிலேயே இருந்தது. கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் திருகு மரைபோல வெட்டிய பள்ளம், சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் ஆயில் பின்பக்கமாக வழியும். அப்படி வழிவது கிளட்ச் பிளேட்டை நனைக்கக் கூடாதே! அதற்காக எம்ஜி கார்களில் கிளட்சை மூடிய பெல் ஹவுசிங்கின் அடியில் துளை போட்டு, அது அடைபடாமலிருக்க, ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்ப்ளிட் பின்னையும் மாட்டினார்கள். எம்ஜிபி காரில் 1964-இல் ஐந்து பேரிங் இன்ஜின் வந்தபோதுதான் ரப்பர் சீல் சேர்ந்தது.

ஆனால் பின்னால் சொட்டுகிறது என்பதற்காக உடனே இன்ஜினை இறக்குவது அவசரம். ஓடும் காரில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும். மேலே டேப்பெட் கவரின் கார்க் பேக்கிங் கசிந்தாலும், மேனிஃபோல்டுக்கு அடியில் மறைந்திருக்கும் பக்க மூடிகள் கசிந்தாலும் ஈரம் கீழேதான் தெரியும். இன்ஜினைச் சுத்தமாகக் கழுவி, காயவிட்டு, முகப்பவுடரைத் தூவி ஓடவிட வேண்டும். வெண்மையில் முதலில் கறுக்கும் இடமே ஊற்று.

அதற்கும் முன்பு ப்ரீதர் குழாயைப் பார்ப்பது நல்லது. அது அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கும் கசியும்.