தாலிமிலிருந்து பள்ளித் திடலுக்கு

புனேயின் பழைய பேட்டைகளில் 'தாலிம்' எனப்படும் மற்போர்க் கூடங்களில், மோரும் எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய செம்மண் களத்தில் இறங்கும் மல்லர், அம்மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு, அங்குள்ள அனுமனை வணங்கிய பின்னரே பயிற்சியைத் தொடங்குவது வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் மாருதி கோயில்களை நிறுவி, உடல் வலிமையையும் பக்தியையும் சேர்த்தே போதித்த சமர்த்த ராமதாசரை இம்மரபின் முன்னோடியாக மராத்தியர் போற்றுகின்றனர். ஆனால் இவ்வணக்கம் களத்தில் இறங்குபவர் தாமே விரும்பிச் செய்வது. வித்தைக்கோ சமய எல்லை இருந்ததில்லை. பரோடாவில் ஜும்மாதாதா என்ற முஸ்லிம் ஆசானிடம் மாணிக்ராவ் பயின்றார். மாணிக்ராவிடம் பயின்ற சுவாமி குவலயானந்தர், 1924இல் புனே மாவட்டத்து லோனாவளாவில் கைவல்யதாமம் என்ற யோக நிலையத்தை நிறுவினார்.

பள்ளிக்குள் நுழைந்தபோதுதான், பயிற்சியோடு வணக்கத்தைச் சேர்க்கும் இவ்வழக்கத்தின் இயல்பு மாறியது. சாத்தாரா பகுதியின் ஔந்த் சமஸ்தானத்தை (புனேயின் புறநகரான ஔந்த் வேறு) ஆண்ட பவான்ராவ் பந்த் பிரதிநிதி, 1920களில் சூரிய நமஸ்காரத்தைத் தம் பள்ளிகளின் பயிற்சியாக்கினார். அவரது முறையில், பீஜ மந்திரம் எனப்படும் ஓரசை ஒலிகளோடு சூரியனின் 12 பெயர்களும் முறையே ஓதப்பட்டன. அவ்வொலிகளின் அதிர்வு உள்ளுறுப்புகளுக்கு நலம் தரும் என்பது அவர் வாதம். குவலயானந்தரோ எக்ஸ்-கதிர் படங்களையும் இரத்த அழுத்த அளவீடுகளையும் கொண்டு ஆசனங்களின் பயனை விளக்க முயன்றார். எந்தச் சமயத்துப் பிள்ளையும் தயக்கமின்றிப் பங்கேற்பதற்கு இவ்விரண்டாம் வழியே ஏற்றதாயிருந்தது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையங்களில் சமய போதனையைத் தடை செய்ததுடன், அங்கீகாரமோ உதவியோ பெறும் பிற நிலையங்களிலும், மாணவரின் அல்லது காப்பாளரின் ஒப்புதலின்றி எவரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என்றது. நாட்டுப்பண்ணைப் பாடாமல் மரியாதையுடன் எழுந்து மட்டும் நின்ற கேரளத்து யெகோவாவின் சாட்சிகளின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மனச்சான்றுக்கு அது அளித்த மதிப்பினால் இன்றும் நினைவுகூரத் தக்கது. 2016இல் மும்பை மாநகராட்சி தன் பள்ளிகளில் சூரிய நமஸ்காரத்தைக் கட்டாயமாக்கத் தீர்மானித்தபோது, அது உடற்பயிற்சியா வழிபாடா என்ற வாதமே ஓங்கி ஒலித்தது. மந்திரத்தை விடுத்து அசைவுகளை மட்டும் செய்யவோ, ஒதுங்கி நிற்கவோ விரும்பும் பிள்ளையைத் திடலில் ஆசிரியர் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதே அதனினும் முன்னதாகத் தீர்க்கப்பட வேண்டிய கேள்வியாகும்.