பெருந்தொற்றுக் காலத்தில் எச்.ஐ.வி. தடுப்பு: பாஸ்டன், 2020

பிரெப் என்பது எச்.ஐ.வி. தொற்றாதவர்கள் முன்கூட்டியே உட்கொள்ளும் தடுப்பு மருந்து. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையில் தொற்று இல்லையென உறுதியான பிறகே மருந்துச்சீட்டு புதுப்பிக்கப்படும். கொரோனா ஊரடங்கு அறுத்தது இந்தத் தொடர்ச்சியைத்தான். தன்பால் ஈர்ப்பினர், திருநர் நலனுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஃபென்வே ஹெல்த் நிலையத்தில், 2020 ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே பிரெப்பைப் புதிதாகத் தொடங்கியோர் 72 விழுக்காடு குறைந்தனர்; எச்.ஐ.வி., பால்வினை நோய்ப் பரிசோதனைகள் சுமார் 85 விழுக்காடு சரிந்தன. உரிய நாளில் மருந்து வாங்காமல் விடுபடுவது ஏறத்தாழ மூன்று மடங்கானது. பாலுறவுகள் குறைந்ததால் சிலர் தாமே நிறுத்தியிருக்கலாம். ஆனால் விடுபட்டோரில் இளையோரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் அரசுக் காப்பீட்டை நம்பியிருந்தோரும் மிகுந்திருந்தது மிகவும் கவலைக்குரியது. தடுப்பு மருந்து அதிகம் தேவைப்பட்டவர்கள் அவர்களே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆண்டே தொலைவழி ஆலோசனையையும் வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனையையும் பரிந்துரைத்தது.