வாரிசு

மேடவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து பாரிமுனை போனது ஒரு சமாதியைப் பார்க்கத்தான். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் உயரமாக நிற்கிறது. அதில் புதைக்கப்பட்டவர்களில் ஒருவன் 1688ல் இறந்த டேவிட் யேல், சின்னப் பையன். அப்பா எலிஹு யேல், அப்போது கோட்டையின் ஆளுநர். அவனுக்குப் பிறகு மனைவிவழி மகன் இல்லை, மூன்று பெண்கள்தான்.

வேல்ஸில் குடும்ப நிலம், மதராஸில் சேர்த்த பணம். ஆண் வாரிசு வேண்டாமா? ஊர் திரும்பியவர் கனெக்டிகட்டிலிருந்து ஓர் உறவுக்காரப் பையனை வரவழைத்துப் பார்த்தார். கடைசியில் பெயரைக் காப்பாற்றியது அதே கனெக்டிகட்டின் ஒரு கல்லூரி. 1718ல் அவர் அனுப்பிய 9 பொதிச் சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது. கல்லூரிக்கு யேல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1721ல், உயிலில் கையெழுத்துகூடப் போடாமல் செத்துப்போனார்.

சமாதி முன்னால் நின்றபோது இன்னொரு கணக்கு உறுத்தியது. 1687ல், பஞ்ச காலத்தில், ஒரே மாதத்தில் இந்தக் கோட்டையிலிருந்து குறைந்தது 665 பேரை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அந்த நிர்வாகத்தில் யேலும் இருந்தார்.

வாரிசு கிடைக்காதவரின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அந்த 665 பேருக்கும் வாரிசுகள் எங்கோ இருக்கக்கூடும். தேடிப்போக எனக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.