காசு எத்தனை மாதத்துக்குக் காணும்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை. கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நிலம் எழுவான்கரை. எங்கள் நாவற்குடா எழுவான்கரையில், கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையே இருக்கிறது. அந்தக் காலத்தில் படுவான்கரை வயல்களில் பாடுபட்ட முல்லைக்காரருக்கு, வேளாண்மை வெட்டிச் சூடடித்த பிறகு வயற்சொந்தக்காரரான போடியார் நெல்லாகவே கூலி அளந்தார். வயல்வெளியை மேற்பார்த்த வட்டை விதானைக்கும் நெல்தான். அடுத்த போகம் வரை அது காணுமா என்பதே வீட்டுக் கணக்கு.

போர்க்காலத்தில் தொண்டு நிறுவனங்கள் மாதச் சம்பள வேலையோடு வந்தபோது அந்தக் கணக்கு மாதக்கணக்காக மாறியது. அவற்றில் ஒன்றின் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்ததும் அப்போதுதான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கல்லடி, டச்பார், திருச்செந்தூர், நாவலடியை அடித்துப் போன பிறகு, வீதிக்கு வீதி நிறுவனப் பெயர்ப்பலகைகள் எழுந்தன. படித்த பிள்ளைகள் வெளிக்கள உத்தியோகத்தர்களானார்கள். சம்பளச் சிட்டையில் கையெழுத்து வைக்கும்போது, திட்டத்துக்கு ஒதுக்கிய காசைப் பற்றி அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, காசு இன்னும் எத்தின மாசத்துக்குக் காணும்?”

அதற்குச் சரியான பதில் சொல்வதை என் முதற்கடமையாக வைத்திருந்தேன். ஆறு பேர், மொத்தச் சம்பளம் மாதம் 120,000 ரூபாய், திட்டத்தில் அதற்கான ஒதுக்கீடு 1,656,000 ரூபாய் என்று வைப்போம். நேரே வகுத்தால் 13 மாதத்துக்கு மேல் வரும். ஆனால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதம் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். ஆக மாதச் செலவு 138,000 ரூபாய். காசு சரியாக 12 மாதத்துக்குத்தான் காணும்.

அந்த ஒதுக்கீடு டொலரில் வந்தால் கணக்கு இன்னும் மாறும். கடற்கோளுக்கு முன் டொலர் ஏறத்தாழ 105 ரூபாய். உதவிப் பணம் நாட்டுக்குள் பாய்ந்ததும், 2005இன் தொடக்கத்தில் அது 99 அளவுக்கு இறங்கியது. 105இல் போட்ட வரவுசெலவுத் திட்டம் 99இல் மாற்றப்பட்டால், 12 மாதம் என்றது 11 மாதமும் சில நாட்களுமாகச் சுருங்கும். 2022இல் நடந்தது இதன் மறுபக்கம். 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தொட்டது. ரூபாயில் காசு நீண்டது. சம்பளமோ ஒப்பந்தத்தில் எழுதியபடியே நின்றது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். திட்டத்துக்கு மாதம் கூடியது, ஊழியரின் அடுப்புக்கு அரிசி குறைந்தது.

என் மனதை அதிகம் அறுப்பது பணிக்கொடைதான். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து ஆண்டு வேலைசெய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் உரித்து. எங்கள் பிள்ளைகளின் ஒப்பந்தம் ஓராண்டு, மிஞ்சினால் மூன்றாண்டு. திட்டம் முடிய வேறு நிறுவனம், வேறு திட்டம். இப்படிப் பதினைந்து, இருபது ஆண்டு அகதி முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் உழைத்தவர்கள், எந்த ஓர் இடத்திலும் ஐந்து ஆண்டு நிறையாததால் பணிக்கொடை காணாமலே தலை நரைத்தார்கள். அவர்களோடு கூடவே போனது சேமலாப நிதி ஒன்றுதான். அதையும் கட்டாமல் மிச்சம்பிடிக்க, சம்பளத்தை “ஊக்குவிப்புத் தொகை” என்று எழுதிய இடங்களும் உண்டு.

இந்த மாவட்டத்தின் மீள்கட்டுமானத்தை எழுதுபவர்கள் கட்டிய வீடுகளை எண்ணுகிறார்கள். அந்த வீடுகளுக்குப் பட்டியல் எடுத்தவர்களின் சம்பள மாதங்களையும் எண்ண வேண்டும். திட்டம் எழுதுகிறவர்கள் சேமலாப, நம்பிக்கை நிதிகளுக்கான 15 வீதத்தையும் பணிக்கொடைக்கான ஒதுக்கீட்டையும் முதல் வரியிலேயே எழுதட்டும். காசு எந்த மாதத்தோடு முடியும் என்பதை வேலைக்குச் சேரும் நாளிலேயே ஊழியருக்குச் சொல்லட்டும். அதைத் தெரிந்துகொள்வது உழைப்பவரின் உரிமை.