பல்கலைக் கழகப் போதனையை அண்ணல் அளந்த அளவுகோல்

ஒரு கல்லூரியில் நன்கு கற்பிக்கிறார்கள் என்பதை எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? பெரும்பாலும் தேர்ச்சி பெற்றோரின் தொகையைக் கொண்டுதான். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறினால் சிறந்த கல்லூரி. நாற்பது பேர் தேறினால் தாழ்ந்த கல்லூரி. இவ்வளவுகோல் எங்கிருந்து வந்தது, இது சரியானதுதானா என்பதை நம் இளைஞர்கள் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும்.

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக் கழகங்கள் நிறுவப்பட்டன. அன்றைய இலண்டன் பல்கலைக் கழகமே அவற்றுக்கு முன்மாதிரி. பாடம் சொல்லுதல் கல்லூரிகளின் பணி. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குதலே பல்கலைக் கழகத்தின் பணி. 1904ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக் கழகங்கள் தாமே கற்பிக்கவும் வழி செய்தது. ஆயினும் தேர்வின் ஆட்சி தளரவில்லை. கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் மற்றொருவர் என்றானபின், வினாத்தாளில் வரக்கூடியதைச் சொல்லித் தருவதே நல்ல போதனை என்ற எண்ணம் வேரூன்றியது.

அண்ணல் அம்பேத்கர் இம்முறையில் பயின்று 1912இல் பம்பாயில் பி.ஏ. தேறியவர். மறு ஆண்டே பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். அங்கே அவர் கண்டது வேறொரு முறை. மாணவன் ஆய்ந்து எழுதியதை ஆசிரியர் முன்னும் உடன் பயில்வோர் முன்னும் வாசிக்க வேண்டும். அவர்கள் எழுப்பும் வினாக்களுக்கு விடையிறுக்க வேண்டும். 1916 மே திங்களில் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் ஆய்வரங்கில், இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றி அவர் கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. தன் மக்களை அழுத்திய கொடுமையையே ஆராய்ச்சிப் பொருளாக்கும் துணிவை அவ்வகுப்பு அவருக்கு அளித்தது.

அங்கே அவருக்குக் கற்பித்தவர்களுள் தத்துவப் பேராசிரியர் ஜான் டூயியும் ஒருவர். இருபது ஆண்டுகள் கழிந்து, 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோதும் அண்ணல் அவரைத் தம் ஆசிரியர் என்று நன்றியுடன் நினைவு கூர்ந்தார். ஓர் ஆசிரியரின் போதனை பலித்ததற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

இலண்டனில் அவர் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் எட்வின் கானன், 1923இல் வெளிவந்த ரூபாய் பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதினார். மாணவரின் வாதங்களில் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று அதில் வெளிப்படையாகவே கூறினார். எனினும் அவருடைய சிந்தனையின் புதுமையைப் பாராட்டினார். தம்மோடு மாறுபடும் மாணவனைக் கண்டு மகிழ்பவரே நல்லாசான்.

அண்ணல் தாமும் ஆசிரியராக விளங்கினார். 1918இல் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். தீண்டத்தகாத ஒருவர் என்ன கற்பிக்கப் போகிறார் என்று மாணவர் சிலர் தொடக்கத்தில் எண்ணினர். ஆசிரியர்க்கென வைத்த பானையில் அவர் நீர் அருந்துவதற்குச் சக ஆசிரியர் சிலர் தடை கூறினர். ஆயினும் அவருடைய ஆழ்ந்த தயாரிப்பும் தெளிந்த விளக்கமும் வென்றன. பிற கல்லூரி மாணவர்களும் இசைவு பெற்று வந்து அவர் வகுப்பில் அமர்ந்தனர்.

இப்பட்டறிவோடுதான் 1924இல், பம்பாய்ப் பல்கலைக் கழகச் சீர்திருத்தக் குழுவின் வினாக்களுக்கு அவர் விடை எழுதினார். மாணவனின் மனத்தில் செய்திகளைத் திணிப்பது பல்கலைக் கழகப் போதனை ஆகாது. அவனுடைய தனித்தன்மையை வெளிக்கொணர்ந்து தானே முயலச் செய்தல் வேண்டும். பெரிய அறிஞர்களின் கருத்தையும் ஆராய்ந்து ஏற்கப் பழக்குதல் வேண்டும். உண்மையை அடைதல் எவ்வளவு அரிது என்பதையும் உணர்த்துதல் வேண்டும் என்பது அவ்விடையின் சாரம். ஆராய்ச்சியையும் போதனையையும் பிரிப்பது தகாது என்றும் அவர் வற்புறுத்தினார்.

1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவர் மேலும் ஒன்றை எடுத்துரைத்தார். தேர்வு வேறு, கல்வி வேறு. தரத்தை உயர்த்துவதாகச் சொல்லித் தேர்வைக் கடுமையாக்கினால், அதுவரை வாயிலையே காணாத வகுப்பினர் வெளியிலேயே நிற்க நேரும். அறிவாற்றல் இருந்தும் பொருளின்மையால் தடைப்பட்டோர்க்கு வழி திறப்பதே பல்கலைக் கழகத்தின் கடமை என்றார். சொன்னதோடு அமையாமல், 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வேலைக்குச் செல்வோரும் பயிலுமாறு அங்கே காலை நேரத்தில் வகுப்புகள் நடைபெற்றன.

ஆக, அண்ணலின் அளவுகோலில் இரு கேள்விகள் உள்ளன. இக்கல்லூரி யாருக்குக் கதவு திறக்கிறது? உள்ளே வந்தவனைத் தானே சிந்திப்பவனாக்கி அனுப்புகிறதா? தேர்ச்சி விழுக்காடு இவ்விரண்டுக்கும் விடை சொல்லாது.

இளைஞர்களே! உங்களில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். வகுப்பில் ஒன்று விளங்காதபோது, குறை நம்மிடந்தான் என்று எண்ணித் தலை குனிந்து வாளாவிருக்கிறீர்கள். அவ்வாறு இருத்தல் வேண்டா. எழுந்து வினவுங்கள். வினவுவது உங்கள் உரிமை; விளங்கவைப்பது ஆசிரியரின் கடமை. நூலகத்தில் மூல நூலைத் தேடிப் படியுங்கள். விடுதியில் நால்வர் கூடி ஒருவர் எழுதியதை மற்றவர் ஆராயுங்கள். தேர்விலும் தேறுங்கள்; நம் வாழ்வுக்கு அதுவும் தேவையே. ஆனால் பட்டம் பெற்ற நாளில் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கற்றதைத் திருப்பிச் சொல்லக் கற்றோமா, நம் மக்களின் நிலையை நாமே ஆராய்ந்தறியக் கற்றோமா? அவ்வினாவுக்கு நீங்கள் தரும் விடையே, உங்களைக் கற்பிக்க முயலும் நம்போன்ற சங்கங்களுக்கும் உண்மையான மதிப்பெண் ஆகும்.