பேரி மீன் வளர்ப்பு

கொல்கத்தா நகரின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேரில் பரந்துள்ள ஈரநிலங்களில், நகரக் கழிவுநீரைக் கொண்டு ஆழமற்ற குளங்களில் நடத்தப்படும் மீன் வளர்ப்பு. இக்குளங்களை வங்காளத்தில் 'பேரி' என்பர். வித்யாதரி ஆறு தூர்ந்து உப்புநீர் வரத்து அற்றபின், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்முறை பரவியது.

குளிர்காலத்தில் குளத்தை வடித்துக் காயவிட்டு, தூர்வாரி, சுண்ணாம்பு இடுவர். பிறகு கழிவுநீரைப் பாய்ச்சிச் சில வாரங்கள் மீனின்றி விட்டுவைப்பர். இந்தக் காத்திருப்புதான் தொழிலின் உயிர்நாடி. நீர் ஆழமற்றிருப்பதால் வெயில் அடிவரை இறங்குகிறது. பாசி பெருகி உயிர்வளி தருகிறது. பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. நீர் தெளிந்தபின் ரோகு, கட்லா, மிருகால், வெள்ளிக்கெண்டை, திலாப்பியாக் குஞ்சுகளை விடுவர். அதன்பின் கழிவுநீரைச் சிறிது சிறிதாகவே சேர்க்க வேண்டும். மிகுந்தால் உயிர்வளி குன்றி மீன் சாகும். நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அளவை முடிவுசெய்யும் மீனவரின் தேர்ச்சி போற்றத்தக்கது. கரையோரம் வளர்க்கும் ஆகாயத்தாமரை அலையரிப்பைத் தடுத்து, உலோக மாசையும் ஓரளவு உறிஞ்சுகிறது.

இந்த அறிவை உலகறியச் செய்தவர் சூழலியலாளர் துருவஜோதி கோஷ். 2002இல் இந்த ஈரநிலங்களுக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி கிடைத்தது. 2006இல் தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் வீட்டுமனை ஆக்கிரமிப்பும் கால்வாய்கள் தூர்வதும் பேரிகளை இன்றும் அச்சுறுத்துகின்றன.